துய்மா வீதிக்கு உண்மையில் என்ன வயது? (புதுச்சேரி பழைய வீடுகள், கோயில்கள்)

திருச்சிப் பையன்:
வணக்கம். கல்லூரி நண்பர்கள் சேர்ந்து அடுத்த மாதம் புதுச்சேரி வருகிறோம். கடற்கரையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்புகிற பயணம் இல்லை. பழைய மாளிகை வீடுகளையும் தேவாலயங்களையும் நடந்தே பார்க்க வேண்டும் என்று ஆசை. துய்மா வீதியில் ஆரம்பிக்கலாமா? எந்தக் காணொளியைத் திறந்தாலும் 'முந்நூறு வருடப் பிரெஞ்சு வீடுகள்' என்கிறார்கள். ஆனால் 1761இல் ஆங்கிலேயர் ஊரையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள் என்றும் படித்திருக்கிறேன். அப்படியானால் அந்த முந்நூறு எங்கிருந்து வந்தது? உள்ளூர்க்காரர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

ஓதியஞ்சாலை:
தம்பி, காணொளிக்காரர்கள் சொல்வதை விடுங்கள். நீங்கள் படித்ததுதான் சரி. 1761 ஜனவரியில் பிரெஞ்சுத் தளபதி லாலி, ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டிடம் சரணடைந்தார். அதற்குப் பிறகு நடந்தது சண்டையில் விழுந்த சேதம் இல்லை, உட்கார்ந்து திட்டம் போட்டு இடித்தது. கோட்டை, கவர்னர் மாளிகை, வெள்ளையர் பகுதியில் இருந்த வீடுகள், கோயில்கள் எல்லாம் போயின. ஊர் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பியது 1765இல். லா தெ லோரிஸ்தோன் கவர்னராக வந்து, இடிபாட்டின் மேல் மறுபடி கட்ட ஆரம்பித்தார். அதோடும் முடியவில்லை. 1778இல் ஒரு தடவை, 1793இல் ஒரு தடவை ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1816இல்தான் நிலையாகத் திரும்பக் கிடைத்தது. ஆக, துய்மா வீதியில் நீங்கள் பார்க்கப்போகிற எந்த வீடும் 1765க்கு முந்தியது இல்லை. பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டியவை, இல்லாவிட்டால் அப்போது மாற்றிக் கட்டியவை.

பழசு எதுவென்றால் கோடுகள். 1693இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்து 1699 வரை வைத்திருந்தார்கள். தெருக்களை நூல் பிடித்த மாதிரி குறுக்கும் நெடுக்குமாகப் போட்ட கட்டத் திட்டம் அவர்கள் வரைந்தது. பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்து அதையே வைத்துக்கொண்டார்கள். பிரெஞ்சு நகரம் என்று எல்லோரும் படமெடுக்கிற அந்த நேர்த்தெருக்களுக்கு அடிப்படை போட்டவர் டச்சுக்காரர்.

இன்னொன்று. பெனுவா துய்மா 1735 முதல் 1741 வரை இங்கே கவர்னர். தன் பெயர் வைத்த தெருவில் இப்போது நிற்கிற வீடுகளில் ஒன்றைக்கூட அவர் பார்த்திருக்க முடியாது!

வில்லியனூர் வாசி:
அப்போ மஞ்சள் சுவரோடு செல்ஃபி எடுக்கிறவர்கள் எல்லாம் ஏமாந்தவர்களா? 😄

ஓதியஞ்சாலை:
யாரும் ஏமாறவில்லை அண்ணே. இருநூறு வருடம் என்பதும் சின்ன வயதில்லையே. முந்நூறு என்று சொல்வதில்தான் எனக்குப் பிரச்சினை. உண்மையிலேயே அந்தப் பழைய காலத்து வீடு ஒன்று, பிரெஞ்சுப் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரிக்கிற பெரிய வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், தமிழர் பகுதியில் நிற்கிறது. அதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

பெரிய கடைக்குப் பக்கத்தில், ரங்கப்பிள்ளை வீதியில் இருக்கிற ஆனந்தரங்கப் பிள்ளை வீட்டைச் சொல்கிறேன். 1738இல் கட்டியது. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்தவர், 1736 முதல் நாட்குறிப்பு எழுதியவர். 1761இல் பட்டணம் விழுவதற்குச் சில நாள் முன்பு இறந்துபோனார். தன் ஊர் இடிபட்டதை அவர் பார்க்கவில்லை, அவர் வீடும் இடிபடவில்லை. கீழ்த்தளம் முழுக்க நம்மூர் வேலை: முற்றம், சுற்றிலும் செதுக்கிய மரத்தூண்கள். தலையை நிமிர்த்தி மேல்தளத்தைப் பார்த்தால் சுண்ணாம்பு பூசிய வெள்ளைத் தூண்கள், ஐரோப்பிய பாணியில். ஒரே வீட்டுக்குள் கீழே ஒரு நாடு, மேலே ஒரு நாடு. புதுச்சேரிக் கட்டடக்கலை என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் அந்த முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்துவேன். கடைத்தெரு நெரிசலில் பலர் கவனிக்காமல் கடந்துபோகிறார்கள்.

திருச்சிப் பையன்:
அருமை அண்ணா, குறித்துக்கொண்டேன். அப்போ துய்மா வீதியில் எதைப் பார்ப்பது? வெளியே நின்று பார்த்தால் மதில்தானே தெரிகிறது?

ஓதியஞ்சாலை:
அந்த மதிலையே முதலில் பாருங்கள். பிரெஞ்சு வீடு தெருவுக்கு முதுகைக் காட்டும். உயரமான மதில், நடுவில் வளைவு வைத்த பெரிய வாசல், உள்ளே தோட்டம், அப்புறம் தூண் வைத்த முன்தாழ்வாரம், அதற்குப் பின்னால்தான் வீடு. ஜன்னல்கள் ஆளுயரம், மரப்பட்டை வைத்த கதவுகள். மேலே தட்டையான மாடி, கைப்பிடிச் சுவர். வாய்க்காலைத் தாண்டித் தமிழர் பகுதிக்கு வந்தால் இதற்கு நேர் எதிர். தெருவை ஒட்டியே தாழ்வாரம், ஓடு வேய்ந்து இறக்கியிருப்பார்கள், போகிற வருகிறவன் வெயிலுக்கு ஒதுங்கலாம். அதற்கு அடுத்து திண்ணை, செதுக்கிய கதவு, முற்றம். இரண்டு பக்கமும் ஒரே நடையில் பார்த்தால்தான் வித்தியாசம் உறைக்கும்.

வண்ணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மஞ்சளும் வெள்ளையும் மட்டும்தான் புதுச்சேரி என்று நினைக்காதீர்கள். சாம்பல் நிறச் சுவரில் வெள்ளைக் கோடு வைத்த கட்டடம் பார்த்தால் அது பெரும்பாலும் ஆசிரமத்துடையது. அரவிந்தர் 1910இல் இங்கே வந்தார். பிறகு ஆசிரமம் வளர வளர அந்தப் பகுதியில் நிறைய வீடுகள் அவர்கள் வசம் வந்தன. ஆசிரமத்தை ஆயிரம் விமர்சிக்கலாம், ஆனால் அந்த வீடுகள் இன்றும் நிற்பதற்கு அவர்களுடைய பராமரிப்பு ஒரு முக்கியக் காரணம். துய்மா வீதியிலேயே பிரெஞ்சு கீழ்த்திசைப் பள்ளி என்ற ஆய்வு நிறுவனத்தின் மையம் இருக்கிறது, புதுச்சேரியில் 1955இல் தொடங்கியது. அதுவும் பழைய வீடுதான், ஒழுங்காக வைத்திருக்கிறார்கள்.

மிஷன் வீதிக்காரி:
கோயில்களைப் பற்றி நான் சொல்கிறேன். எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாக சம்பா கோயில் பங்கு.

துய்மா வீதியில் இருப்பது கப்ஸ் கோயில். வெளியூர்க்காரர்களுக்கு 'நோத்ர தாம் தெஸான்ஜ்'. கப்புச்சின் துறவிகளின் கோயில் என்பதால் எங்கள் வாயில் கப்ஸ் கோயில். அவர்களுடைய பழைய கோயில் 1761இல் போயிற்று. இப்போது நிற்பது 1855இல் முடிந்தது, லூயி கேர் என்ற பொறியாளர் கட்டியது. முகப்பு கடலைப் பார்த்து நிற்கும், எதிரே சின்னத் தோட்டத்தில் பிரெஞ்சு வீராங்கனை ழான் தார்க்கின் (ஜோன் ஆஃப் ஆர்க்) பளிங்குச் சிலை. உள்ளே போனால் தூண்களைத் தொட்டுப் பாருங்கள். பளிங்கு என்றே நினைப்பீர்கள், பளிங்கு இல்லை. சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக் கரு சேர்த்துத் தேய்த்த பூச்சு. பிரெஞ்சு, தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் அங்கே பூசை உண்டு.

சம்பா கோயில் என்பது மிஷன் வீதியில் இருக்கிற தூய ஜென்மராக்கினி அன்னை பேராலயம். இதன் கதை நீளம். 1692இல் இயேசு சபையார் முதல் கோயில் கட்டினார்கள், அடுத்த வருடமே டச்சுக்காரர் இடித்தார்கள். அடுத்து ஒன்று கட்டினார்கள், அதற்குப் பிறகு பெரிதாக ஒன்று. அந்தப் பெரிய கோயிலை 1761இல் ஆங்கிலேயர் இடித்தார்கள். இப்போது இருப்பது நான்காவது, 1791இல் முடிந்தது. முகப்பிலேயே அந்த வருடம் இருக்கும்.

பேராலயம் ஏன் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், தமிழர் பகுதியில் இருக்கிறது என்று சிலர் கேட்பார்கள். ஐரோப்பியர்களுக்குக் கப்புச்சின்கள், தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இயேசு சபையார் என்று வேலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் இரண்டு சபைக்கும் இரண்டு தெரு, இரண்டு கோயில்.

முத்தியால்பேட்டை:
அக்கா, பிரிவு அதோடு நிற்கவில்லையே. சம்பா கோயிலுக்குள்ளேயே சுவர் இருந்தது. சாதிக் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், தாழ்த்தப்பட்டவர்கள் ஒரு பக்கம். 1745இல் அந்தச் சுவரை எடுத்தபோது நடந்த சண்டையை ஆனந்தரங்கப் பிள்ளை எழுதி வைத்திருக்கிறார். சாதிக் கிறிஸ்தவர்கள் கோயிலிலேயே கலாட்டா செய்தார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கோயிலுக்குப் பக்கத்திலேயே வேதபுரீஸ்வரர் கோயில் இருந்தது. 1748இல், ஆங்கிலேயர் முற்றுகை நேரத்தில், துய்ப்ளேக்ஸ் காலத்தில் அதை இடித்தார்கள். காந்தி வீதியில் இப்போது இருப்பது பிறகு கட்டியது. 'பிரெஞ்சு அழகு' என்று சுற்றிக் காட்டுகிறவர்கள் இதையெல்லாம் சொல்வதே இல்லை.

பீச்சோரம்:
கட்டடக் கலை இழையில் சாதி, மதம் எல்லாம் எதற்கு? பையன் வீடு பார்க்க வருகிறான்.

மிஷன் வீதிக்காரி:
முத்தியால்பேட்டைத் தம்பி சொன்னது நடந்ததுதான். மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. சுவர் எங்கே இருந்தது, யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பது அந்தக் கட்டடத்தின் கதையில்லையா? கறுப்பர் நகரம், வெள்ளையர் நகரம் என்று ஊரையே வாய்க்கால் போட்டுப் பிரித்துக் கட்டியவர்கள் அவர்கள். அதைச் சொல்லாமல் தூண் எவ்வளவு உயரம் என்று மட்டும் எப்படிச் சொல்வது? தெற்குப் பக்கம் முல்லா வீதி, குத்பா பள்ளிவாசல் இருக்கிற முஸ்லிம் பகுதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் பையனுக்கு நான் சொல்வேன்.

சுண்ணாம்புச்சட்டி:
நான் பழைய கட்டடங்களைச் சீர்செய்கிற வேலையில் இருக்கிறேன். எல்லோரும் வரலாறு பேசுகிறீர்கள். இந்த வீடுகள் ஏன் விழுகின்றன என்று யாரும் பேசவில்லையே.

கடலோரம். மண்ணில் உப்பு. அஸ்திவாரத்திலிருந்து சுவரில் ஓதம் ஏறும், அது இயற்கை. சுண்ணாம்புச் சாந்தும் சுண்ணாம்புப் பூச்சும் இருக்கிற சுவர் அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். மேற்பூச்சு உப்புப் பூத்து உதிரும், சில வருடத்துக்கு ஒரு முறை அந்த இடத்தை மட்டும் சுரண்டிப் பூசினால் போதும். இப்போது என்ன செய்கிறார்கள்? உதிர்கிறதே என்று இடுப்புயரத்துக்கு சிமெண்டு பூசிவிடுகிறார்கள். ஈரம் வெளியே வர வழியில்லாமல் மேலே ஏறும். கொஞ்ச காலம் கழித்து சிமெண்டுக்கு மேலே, தலையுயரத்தில் உப்புப் பூக்கும். உள்ளே செங்கல் மாவாகிக்கொண்டிருக்கும். வெளியே பார்த்தால் பளிச்சென்று மஞ்சள் பெயிண்ட். அதிலும் பிளாஸ்டிக் பெயிண்ட் என்றால் கேட்கவே வேண்டாம்.

நீங்கள் துய்மா வீதியில் நடக்கும்போது மதிலின் அடிப்பாகத்தைப் பாருங்கள். பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தால் உள்ளே சிமெண்டு இருக்கிறது என்று அர்த்தம். அடியில் சும்மா வெள்ளையாகப் பூத்து, பொடிப்பொடியாக உதிர்ந்தால் கவலையில்லை, அது மூச்சு விடுகிற சுவர்.

அடுத்தது மாடி. மெட்ராஸ் டெர்ரஸ் என்பார்கள். தேக்கு உத்திரம், அதன்மேல் குறுக்குக் கட்டைகள், அதன்மேல் மெல்லிய அச்சுக்கல்லைக் குத்தாக நிறுத்தி, சுவருக்குச் சாய்வாக வரிசை பிடித்து அடுக்குவார்கள். அதற்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்துத் தெளித்து, வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். அடிக்கும் சத்தம் மாறும், அதைக் கேட்டுத்தான் கொத்தனார் 'போதும்' என்பார். கடைசியில் தட்டோடு பதிப்பது. இந்த மாடி நூறு வருடம் தாண்டி நிற்கும். ஆனால் மழைத்தண்ணீர் வடிகிற துளையை அரசமரச் செடி அடைத்துவிட்டால் இரண்டு மழைக்காலத்தில் உத்திரத்தின் முனை, சுவருக்குள் இருக்கிற பகுதி, அழுகிவிடும். வெளியே தெரியவே தெரியாது. ஒருநாள் மொத்தமாக உட்காரும்.

வில்லியனூர் வாசி:
கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டடம், அந்தப் பழைய நகராட்சி அலுவலகம், அப்படித்தானே போயிற்று.

சுண்ணாம்புச்சட்டி:
அந்தக் கட்டடத்தில் நான் வேலை செய்ததில்லை, அதனால் காரணம் இதுதான் என்று சொல்ல மாட்டேன். 2014 நவம்பர் 29, நல்ல மழை, இடிந்து விழுந்தது. அதற்கு முன்னால் வருடக்கணக்கில் மோசமான நிலையில் பூட்டிக் கிடந்தது என்பது ஊருக்கே தெரியும். விழும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

பீச்சோரம்:
ஆனால் திரும்பக் கட்டிவிட்டார்களே. 2021இல் திறந்தார்கள். அச்சு அசல் அதே முகப்பு. கடற்கரைச் சாலையில் நின்று பார்த்தால் வித்தியாசமே தெரியாது. இதை ஏன் யாரும் பாராட்டுவதில்லை?

முத்தியால்பேட்டை:
பாராட்ட என்ன இருக்கிறது? பழைய மாதிரியே புதுசாகக் கட்டியது அது. அதைப் பாரம்பரியக் கட்டடம் என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

ஓதியஞ்சாலை:
இதில் நான் பீச்சோரம் பக்கம். இந்த ஊரே இடிந்த பிறகு திரும்பக் கட்டிய ஊர். சம்பா கோயில் நான்காவது, கப்ஸ் கோயிலும் முதல் கோயில் இல்லை. அந்த இடத்தில் கண்ணாடி வைத்த நாலு மாடி எழும்பியிருந்தால் கடற்கரைச் சாலை முகமே போயிருக்கும். ஆனால் பழைய செங்கல்லை இழந்தது இழந்ததுதான், அதையும் மறுக்கவில்லை. சும்மா முகப்பை மட்டும் பிரதி எடுத்தால் போதும் என்று ஆகிவிட்டால், அப்புறம் எல்லா வீட்டுக்காரரும் 'இடித்துவிட்டு முகப்பை அப்படியே வைக்கிறேன்' என்று கிளம்புவார்கள். கிளம்பியும் இருக்கிறார்கள்.

வைசியாள் வீட்டுப் பேத்தி:
இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் தாத்தா வீடு தமிழர் பகுதியில் இருந்தது. தெருப் பெயர் வேண்டாம். கீழே முற்றம் வைத்த வீடு, மேலே பிரெஞ்சு பாணியில் வளைவு ஜன்னல்கள், கைப்பிடிச் சுவரில் பூச்சாடி மாதிரி சுதை வேலை. பெரியப்பா, சித்தப்பா, அத்தைகள், அதில் பாதிப் பேர் பிரான்சில். பங்கு பிரிக்க ஆரம்பித்தபோது யாரும் வீட்டைப் பற்றிப் பேசவில்லை, மனை எத்தனை சதுர அடி என்பது மட்டும்தான் பேச்சு. சீர்செய்ய ஆகும் செலவை யார் போடுவது? கூரையில் ஒழுகினால் பாரிசில் இருக்கிறவருக்குத் தெரியுமா? கடைசியில் விற்றார்கள். வாங்கியவர் முதல் மாதத்திலேயே கதவையும் தூண்களையும் பழைய மரச்சாமான் வியாபாரிக்குக் கொடுத்துவிட்டு இடித்தார். அந்தத் தூண்கள் இப்போது ஏதாவது ஒரு ரிசார்ட்டில் நிற்கும்.

துய்மா வீதி வீட்டுக்கு ஓட்டல் வருமானம் இருக்கிறது, கஃபே வருமானம் இருக்கிறது. அதனால் பெயிண்ட் அடிக்கிறார்கள். எங்கள் பக்கத்து வீடுகளுக்கு என்ன வருமானம்? மொத்தப் பேச்சும் பிரெஞ்சுப் பகுதியைச் சுற்றியே ஓடுகிறது. எண்ணிக்கையில் வேகமாகக் குறைவது தமிழ் வீடுகள்தான். ஒவ்வொரு தடவை ஊருக்கு வரும்போதும் தாழ்வாரம் அறுந்த இடம் ஒன்று புதிதாகத் தெரிகிறது.

மிஷன் வீதிக்காரி:
அம்மாடி, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. எங்கள் தெருவிலும் இதே கதைதான்.

ஓதியஞ்சாலை:
நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் வேறு வழி இருந்தது என்பதற்கும் நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. வைசியாள் வீதி. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியோடு, பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கிற அமைப்பான இன்டாக் முன்னின்று, தெருவில் இருந்த வீட்டு முகப்புகளை வரிசையாகச் சீர்செய்தார்கள். அறுந்து போயிருந்த தாழ்வாரங்களை மறுபடி போட்டார்கள். 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதும் கிடைத்தது. ஒரு வீட்டைத் தனியாகப் பிடித்துக் காப்பாற்றாமல் தெருவையே ஒரு கட்டடமாக எடுத்துக்கொண்டதுதான் அதில் எனக்குப் பிடித்தது. தாழ்வாரம் என்பது தொடர்ந்து ஓடினால்தான் தாழ்வாரம். நடுவில் ஒருவர் அறுத்து கார் ஷெட் வைத்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் வைத்திருந்தும் பிரயோஜனமில்லை.

முத்தியால்பேட்டை:
ஒரு தெரு செய்தார்கள், சரி. அடுத்த தெரு எங்கே? அங்கேதான் கோபம் வருகிறது.

சுண்ணாம்புச்சட்டி:
ஆள் வேண்டுமே. மெட்ராஸ் டெர்ரஸ் போடத் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பிள்ளைகள் வரமாட்டேன் என்கிறார்கள், கூலி சிமெண்டு வேலையிலும் அதேதான், இடுப்பு வலி மட்டும் இதில் கூட. சுண்ணாம்பைக் குழியில் போட்டு ஊறவைத்துக் காத்திருக்கிற பொறுமை வீட்டுக்காரருக்கும் இல்லை. 'அண்ணே, பொங்கலுக்குள்ள முடிச்சிடுங்க' என்கிறார்கள். எந்தப் பொங்கல் என்று கேட்கத் தோன்றும்.

திருச்சிப் பையன்:
எதிர்பார்த்ததைவிட நிறையக் கிடைத்தது, எல்லோருக்கும் நன்றி. இப்படி நடந்தால் சரியாக இருக்குமா: காலையில் கப்ஸ் கோயில், துய்மா வீதி, பாரதி பூங்கா. அப்புறம் வாய்க்காலைத் தாண்டி சம்பா கோயில், வைசியாள் வீதி, ஆனந்தரங்கப் பிள்ளை வீடு. கடைசியில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருதய ஆண்டவர் பசிலிக்கா. அப்படியே ரயில் ஏறிவிடலாம்.

மிஷன் வீதிக்காரி:
நல்ல வரிசை தம்பி. பசிலிக்கா 1907இல் கட்டியது, கோத்திக் பாணி, 2011இல்தான் பசிலிக்கா அந்தஸ்து. வண்ணக் கண்ணாடியில் புனிதர்கள் இருப்பார்கள், வெயில் இருக்கும்போதே உள்ளே போய்விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை எந்தக் கோயிலுக்கும் கேமராவோடு போகாதீர்கள், பூசை நடக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு, பின்வரிசையில் கொஞ்சம் உட்கார்ந்து பாருங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

ஓதியஞ்சாலை:
பாரதி பூங்காவில் ஆயி மண்டபத்தோடு நின்றுவிடாதீர்கள். பழைய கோட்டை இருந்தது அந்த வட்டாரத்தில்தான். ஒரு கல்லும் இல்லை, ஆனாலும் கோட்டைக்கு நடுவில் நிற்கிறோம் என்று தெரிந்து நில்லுங்கள். நேரம் இருந்தால் ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதி இருந்த வீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்தார். தமிழ் வீடு உள்ளே எப்படி இருக்கும் என்று பார்க்க அதைவிட வசதியான இடம் கிடையாது, அங்கே யாரிடமும் கதவைத் தட்டி அனுமதி கேட்க வேண்டியதில்லை.

வில்லியனூர் வாசி:
வார நாளில் வாங்க தம்பி. சனி, ஞாயிறு துய்மா வீதியில் வீட்டைவிட கார்தான் அதிகம் தெரியும். கல்யாண போட்டோகிராபர் வேறு நடுரோட்டில் படுத்திருப்பார்.

வைசியாள் வீட்டுப் பேத்தி:
சுண்ணாம்புச்சட்டி அண்ணா, ஒரு கேள்வி. எங்கள் அத்தை வீடு ஒன்று இன்னும் இருக்கிறது, அதை விற்கப் போவதில்லை என்கிறார். முன் சுவரில் ஏற்கெனவே சிமெண்டு பூசிவிட்டார்கள். எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்பு பூசலாமா, இல்லை இனி ஒன்றும் செய்ய முடியாதா?

சுண்ணாம்புச்சட்டி:
தாராளமாகச் செய்யலாம் அம்மா. மழைக்காலம் முடிந்து தை, மாசியில் ஆரம்பியுங்கள். சிமெண்டை மெதுவாகக் கொத்தி எடுக்கச் சொல்லுங்கள், டிரில் மிஷின் வேண்டவே வேண்டாம், செங்கல் அதிர்ந்துவிடும். எடுத்ததும் உடனே பூசக் கூடாது. சுவரை அப்படியே திறந்து விடுங்கள், உப்பு வெளியே பூக்கும், உலர்ந்த தூரிகையால் தட்டி எடுத்துக்கொண்டே இருங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு திரும்பவும் உள்ளே போய்விடும். மாவாகிப் போன செங்கல்லை மட்டும் மாற்றினால் போதும். வெயில் காலம் முழுக்கக் காயட்டும், பூச்சு அப்புறம். அத்தையிடம் ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: அந்த மாதங்களில் வீடு பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், தெருவில் எல்லோரும் என்ன ஆச்சு என்று கேட்பார்கள்.